தலைப்புக்கு முன்னால் மடையைப் பாருங்கள்: வேளாண் ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

நீடித்த வேளாண்மையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, தலைப்பு எப்படிப் பிடிக்கிறது?" என்றுதான். தலைப்பு பிறகு வரட்டும். முதலில் ஒரு குளத்தையும் அதன் கீழுள்ள வயல்களையும் பிடியுங்கள்.

நம் குமரி மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மண் இது. மேலே பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர், நல்லமிளகு. இடையில் வாழையும் மரச்சீனி என்கிற மரவள்ளியும். கீழே நாஞ்சில் நாட்டு வயல். கடைசியில் மணக்குடியில் உப்புக்காற்று. இத்தனையையும் ஒரே நாளில் பைக்கில் பார்த்துவிடலாம். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கால்வாய், குளம், மடை என்று இறங்கி வருகிறது.

நான் இதை எதுவும் யோசிக்காமல், அறையில் தயாரித்த நாற்பது கேள்விகளோடு தேரூர்ப் பக்கம் போனேன். "எக்டேருக்கு எவ்வளவு யூரியா போடுறீங்க?" என்று கேட்டேன். வரப்பில் நின்ற பெரியவர், "அறுபது சென்டுக்கு ஒரு மூட்டை" என்றார். மூட்டை 50 கிலோ என்று கணக்குப் போட்டேன். எக்டேருக்கு 95 கிலோ தழைச்சத்து (யூரியாவிலுள்ள நைட்ரஜன்) வந்தது. ஆனால் யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோதான். சரியான விடை சுமார் 85. இந்தத் தவறோடு முப்பது வீட்டுக் கணக்கை முடித்திருந்தேன். எல்லாவற்றையும் திருத்த வேண்டியதாயிற்று. அதனால், விவசாயி சொல்லும் அளவை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். சென்டு, மூட்டை, மரக்கால் எதுவானாலும் அப்படியே இருக்கட்டும். எக்டேர் கணக்கைப் பக்கத்துக் கட்டத்தில் இரவில் போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பெரியவர்தான் இன்னொன்றும் கேட்டார்: "மக்ளே, நீ வயலப் பாக்க வந்தியா, தண்ணியப் பாக்க வந்தியா?" அவருடைய வயல் கடைமடை. மேல்மடைக்காரர் நெல் நட்டு முடித்த பிறகும் இவர் காத்துக்கொண்டிருப்பார். அருகருகே வயல் இருந்தும் ஒருவர் நெல் போடுவதும் மற்றவர் ஏத்தன் வாழைக்கு மாறுவதும் ஏன் என்று என் நாற்பது கேள்விகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. என் ஆய்வின் தலைப்பு அன்றைக்கு அந்த மடையில்தான் கிடைத்தது.

மண் மாதிரி எடுப்பதில் அவசரம் வேண்டாம். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், தென்னை நிழல் இவற்றை விட்டுவிட்டு, நெல் வயலில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'V' வடிவில் வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடுங்கள். பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை விலக்கி, அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்துங்கள். தண்ணீர் கட்டியிருந்த மண்ணை நன்றாக உலர்த்தாமல், கரிமக் கார்பனை அளக்கும் வாக்லி–பிளாக் முறையில் சோதித்தால், அதிலுள்ள ஃபெரஸ் இரும்பு அந்த அளவைக் கூட்டிக் காட்டும். கடலோர மண்ணில் குளோரைடும் அதையே செய்யும். நல்ல எண் கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

புள்ளியியல், க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இரண்டும் படித்துத்தான் ஆக வேண்டும். அவற்றை ஆறு மாதத்தில் வீட்டிலிருந்தே கற்கலாம். நேர்முகத் தேர்வில் என்னை அதிகம் துளைத்தது வேறு கேள்வி: "இந்த வயல்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" மேல்மடை, நடுமடை, கடைமடை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் சீட்டுக் குலுக்கி எடுத்தேன் என்று சொல்ல முடிந்ததால் தப்பித்தேன்.

பறவைகளையும் குறிப்பேட்டில் சேருங்கள். சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கூழைக்கடா இறங்கும் அதே குளத்துத் தண்ணீர்தான் நெல்லுக்கும் பாய்கிறது. குளத்தைத் தனியாகவும் வயலைத் தனியாகவும் ஆராய்ந்தால் இரண்டுமே பாதிதான் புரியும்.

அணையை வழக்கமாக ஜூன் 1 அன்று திறப்பார்கள், பிப்ரவரி 28 வரை தண்ணீர் வரும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவத்தையும் முழுதாகப் பார்க்க வேண்டுமானால் மே மாதத்திலேயே விவசாயிகளிடம் அனுமதி கேட்டு, குளத்தின் மடைகளை வரிசையாக வரைந்து வைத்துவிடுங்கள். மண் சோதனை முடிவு வந்ததும் முதல் நகல் அந்த வயல்காரருக்குப் போகட்டும், தமிழில், சென்டுக் கணக்கில்.