ஏட்டையாவின் மூன்றாவது கேஸை எழுதி முடித்த கதை

மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு போலீஸ் ஸ்டேஷன், அதில் ஒரு ஏட்டையா. ஊர் கற்பனைதான். இந்த வரிசையில் மூன்றாவது துப்பறியும் நாவலை ஒருவழியாக முடித்துவிட்டேன்.

ஏன் இன்ஸ்பெக்டரை நாயகனாக்கவில்லை என்று கேட்கிறார்கள். தேர்தல் வந்தாலே மூன்று வருடம் ஒரே இடத்தில் இருந்த அதிகாரிகளைத் தூக்கி வேறு மாவட்டத்துக்குப் போட்டுவிடுவார்கள், அப்புறம் இரண்டாவது புத்தகத்துக்கு ஆள் ஏது? ஏட்டு அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருப்பார். யாருக்கு யாரோடு வரப்புத் தகராறு என்பது அவருக்குத்தான் தெரியும், புதிதாக வரும் இன்ஸ்பெக்டருக்கு அவர் சொல்கிற சாக்கில் வாசகருக்கும் ஊர் பிடிபட்டுவிடும். அவருடைய சர்வீஸ் கணக்கை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், குறிப்பிட்ட வருடம் முடிந்தால் எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஆகிவிடுவார்.

இந்தக் கதையில் என்னைப் பாடாய்ப் படுத்தியது தண்ணீர். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூரைத் திறப்பார்கள். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லை, குறுவை போச்சு என்று ஊரே கைவிட்டிருந்தது. இந்த வருடம் எங்கே வரப்போகிறது என்ற தைரியத்தில் என் கொலைகாரன் ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம் வாக்கில் பிணத்தை வறண்ட வாய்க்காலில் புதைக்கிறான். கர்நாடகத்தில் மழை கொட்டி அணை மளமளவென்று நிரம்ப, ஜூலை 28-ல் மேட்டூரையும் அடுத்த சில நாளில் கல்லணையையும் திறந்துவிட்டார்கள். கல்லணையில் திறந்ததும் எங்கள் பக்கம் வந்துவிடாது, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, ஒவ்வொரு ரெகுலேட்டராகத் தேங்கித் தேங்கித்தான் வரும். ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர் ஒருவரோடு கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். முதல் தண்ணீர் சருகையும் பாட்டிலையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, காய்ந்த படுகை குடித்தது போக மிச்சம்தான் நகரும் என்றார். மதகிலிருந்து விழுகிற இடத்தில்தான் மண்ணைப் பறிக்கும் என்று குச்சியால் கோடு கிழித்துக் காட்டினார். பிணத்தை அங்கேயே வைத்தேன்.

அடுத்தது சட்டம். அந்த வருடம் ஜூலை 1-ல் புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. பிணம் கிடைப்பது ஆகஸ்டில், அதனால் சந்தேக மரணம் என்று போடும் எஃப்.ஐ.ஆர். பழைய குற்ற நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. 174 இல்லை, அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். 194. ஆனால் கொலை ஜூனில் நடந்திருந்தால் கொலைக்கான பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. 302, ஜூலையில் என்றால் அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ். 103, குற்றம் நடந்த நாளில் எது அமலில் இருந்ததோ அதுதான். ஒரு மாதத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த உடலை வைத்து ஜூன் 29-ஆ ஜூலை 2-ஆ என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்! செத்த நாளைக் கண்டுபிடிக்காமல் சார்ஜ் ஷீட்டில் பிரிவே எழுத முடியாது என்பதையே கதையின் முடிச்சாக்கினேன். நாளைக் கண்டுபிடிக்க ஏட்டையா உரக்கடை, டீக்கடை, பக்கத்து ஸ்டேஷனில் பதிவான ஆள் காணவில்லை புகார் என்று அலைகிறார், ஊரும் அந்த அலைச்சலோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

முடித்ததும் ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். பென்சிலும் கையுமாகப் படித்தார். “வி.ஏ.ஓ. கிட்ட புகார் எழுதி வாங்குறத இன்னும் விரிவா எழுதுங்க தம்பி, அங்கதான் ஊர்க்காரன் எவன் பேசுறான், எவன் வாய மூடிக்கிறான்னு தெரியும்” என்றார். ராத்திரி பிணத்துக்குக் காவல் நிற்கிற கான்ஸ்டபிளுக்குக் கொசுவர்த்தியும் டீயும் யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றும் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு முழு அத்தியாயம் வந்தது, டீ கொண்டுவந்தவர் யார் என்பதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள்.