தலைப்பாகைக்குப் பின்னால் மூன்று எழுத்துகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தப் படத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். வெட்டவெளியில் ஒரு சின்ன விமானம், முன்னால் ஆறு பேர். இடமிருந்து நான்காவது, தலைப்பாகையோடு நிற்பவர் அம்மாவின் அப்பா. மதராஸில் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். "1932இல டாட்டா முதல் ஏர்மெயில் கொண்டுவந்த விமானம் இது. மூட்டையை இறக்கினது எங்கப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வார்.

போன மாதம் கண்ணாடி மாற்றுவதற்காகப் படத்தைக் கழற்றினோம். சரி, கையோடு ஸ்கேன் செய்துவிடலாம் என்று 1200 டிபிஐயில் எடுத்தேன். இது அந்த ஏர்மெயில் விமானம்தானா என்ற கேள்வியில் அன்றிலிருந்து பத்து நாள் ராத்திரித் தூக்கம் போனது.

1932 அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியில் கிளம்பிய ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய் வரைதான் ஓட்டினார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராஸுக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட் என்ற விமானி. விமானம், டி ஹாவிலண்ட் கம்பெனியின் புஸ் மாத். ஆக, எங்கள் படத்தில் இருப்பது புஸ் மாத்தா என்று பார்த்தால் போதும்.

வண்டி நம்பர் போல விமானத்தின் மேல் எழுதியிருக்கும் பதிவு எழுத்துகள் தெரிந்திருந்தால் ஒரு நிமிட வேலை. வாலுக்குப் போகும் பக்கவாட்டில் 'விடி' என்ற இரண்டு எழுத்து பளிச்சென்று இருக்கிறது. இந்திய விமானம், சந்தேகமில்லை. மிச்ச மூன்று எழுத்தையும் தாத்தாவின் தலைப்பாகை மறைத்துக்கொண்டிருக்கிறது!

நிறத்தை நம்ப முடியாது. அந்தக் காலத்து ஃபிலிம் பலவற்றில் சிவப்பு கறுப்பாகத்தான் விழும். உருவத்தைத்தான் பார்க்க வேண்டும். மேலே ஒற்றை இறக்கை, மூடிய கேபின், மூக்கில் ஒரே இன்ஜின். எல்லாம் புஸ் மாத்துக்குப் பொருந்தியது. அப்புறம்தான் இரண்டு பேருக்கு நடுவே தெரிந்த சக்கரத்தின் காலைக் கவனித்தேன். புஸ் மாத்தில் அந்தக் கால் நீளமானது. சக்கரத்திலிருந்து கேபின் ஓரமாக ஏறி, இறக்கை உடம்போடு சேரும் இடம் வரை போகும். எங்கள் படத்தில் கால் குட்டை. இன்ஜின் முடிகிற இடத்தில், அடிப்பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. இறக்கையும் நுனிக்குப் போகப்போகக் குறுகுகிறது. புஸ் மாத்தின் இறக்கை கடைசிவரை ஏறக்குறைய ஒரே அகலம்.

இது லெப்பர்ட் மாத். புஸ் மாத்துக்கு அடுத்து வந்தது. முதன்முதலில் இங்கிலாந்தில் பறந்ததே 1933 மே மாதம். 1932இல் இது மதராஸில் நின்றிருக்க வழியே இல்லை.

அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. "எங்கப்பா பொய் சொல்ல மாட்டார்" என்றார். சொல்லமாட்டார்தான். "தாத்தா உன்கிட்ட என்னம்மா சொன்னார், அவர் வார்த்தையிலேயே சொல்லு" என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். "முதல் ஏர்மெயில் வந்தப்போ நானும் மூட்டை தூக்கினேன்னு சொல்வார். படத்தைக் காட்டிச் சொன்னாரா... அது ஞாபகம் இல்லைடா."

கதையும் படமும் தனித்தனியாக இருந்திருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக்கியது நாங்கள்தான். தாத்தா மூட்டை தூக்கியது உண்மையாகவே இருக்கலாம். இந்தப் படம் வேறொரு நாளுடையது.

எந்த நாள் என்பதுதான் இப்போது என் தேடல். லெப்பர்ட் மாத் மொத்தமே 133தான் செய்தார்கள். இந்தியாவில் பதிவானவை அதில் ஒரு சிறு பங்கு. மறைந்த மூன்றில் கடைசி இரண்டில் ஒரு எழுத்து கிடைத்தால்கூடப் பட்டியல் குறையும். அன்றைக்கு அங்கே இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். கேமராக்காரர் ஒரு படத்தோடு நிறுத்தியிருக்க மாட்டார். உங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒற்றை இறக்கை விமானமும், அதன் முன்னால் தலைப்பாகைக்காரர் ஒருவரும் இருந்தால், தயவுசெய்து அவர் தலை கொஞ்சம் விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.