மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும்

"தண்ணி இப்படித்தான் தம்பி போவும், எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதான் வழி" என்று கைகாட்டிய அதே பெரியவர், டீ குடித்து முடித்ததும் "இதை வீட்டுமனையாத்தானே போடுவீங்க?" என்று கேட்டார். இரண்டு பேச்சும் ஒரே நிலத்தைப் பற்றித்தான். அதில் அறுபது சென்ட் அவருடையது. "அதெல்லாம் மேல முடிவு பண்ணுவாங்க ஐயா" என்றேன். அது பொய் இல்லை. ஆனாலும் 2013இல் சொன்ன அந்தப் பதிலை இன்னும் மனதுக்குள் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

நான் அப்போது ஒரு தனியார் நிறுவனத்துக்காகத் தென்சென்னைப் புறநகரில் நிலப் பயன்பாடு குறித்துக்கொண்டு திரிந்தேன். ஓர் ஏரியின் கலங்கலுக்கு, அதாவது நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்துக்குக் கீழே, பள்ளிக்கரணை சதுப்பைப் பார்த்துச் சரிகிற தாழ்வான நிலம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் என்று தண்ணீர் கடலுக்குப் போக வேண்டும். கிராமக் கணக்கில் அது பட்டா புஞ்சை. வாய்க்கால் என்று தனி சர்வே எண் எதுவும் கிடையாது. வருடத்தில் பத்துப் பதினைந்து நாள்தான் ஓடும் என்றார் பெரியவர்.

ஆபீஸுக்கு வந்து வரைபடத்தில் ஒரு நீலக்கோடு போட்டேன். சீனியர் பார்த்துவிட்டு, "அ-பதிவேட்டுல இருக்கா? எஃப்எம்பி-ல இருக்கா? பட்டா நிலத்துல நீயா கோடு போட்டா நாளைக்கு கோர்ட்ல யாரு பதில் சொல்றது?" என்றார். முதலாவது கிராமத்தின் நிலப் பதிவேடு, இரண்டாவது சர்வே எண்ணுக்கான அளவு வரைபடம். நியாயமான கேள்விதான். கோட்டை அழித்துவிட்டு, அட்டவணையின் ரிமார்க்ஸ் பத்தியில் 'மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும்' என்று எழுதினேன். இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், ரிமார்க்ஸ் பத்தி வரைபடத்தில் அச்சாகாது.

எனக்காக நான் வாதாடுவது இப்படி. கோடு இருந்திருந்தால் மட்டும் என்ன? 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி நிலப் பயன்பாட்டை மாற்றித் தரச் சொல்லி ஒவ்வொரு துண்டுக்கும் மனுப் போடலாம், இன்று வரைபடத்தில் விவசாயத்துக்கான பச்சையாக இருப்பது நாளை குடியிருப்புக்கான மஞ்சளாகும். இருபது வருடத்துக்கு ஜனத்தொகை இவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஏக்கருக்கு இத்தனை பேர் என்று வகுத்தால், இத்தனை ஏக்கர் குடியிருப்பு வேண்டும் என்று வந்து நிற்கும். அந்த ஏக்கரை எங்காவது காட்டித்தானே ஆக வேண்டும். சீனியர் இன்னொன்றும் சொன்னார்: "தி.நகரே ஏரியில கட்டினதுதான்யா." உண்மைதான், 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் வந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்தான் இல்லை. ஆனால் அப்போது தண்ணீர் ஒதுங்க வேறு இடம் நிறைய இருந்தது. இது எனக்கு மறுநாள்தான் உறைத்தது, வழக்கம் போல.

2015 டிசம்பரில் ஊரே மிதந்தபோது அந்தப் பக்கம் போக வழியில்லை. அப்புறம் வழி இருந்தபோதும் நான் போகவில்லை.

பெரியவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர் தெரிந்ததை மறைக்கவில்லை, வேண்டியதைக் கேட்டார். சென்னையின் தண்ணீரை அவருடைய அறுபது சென்ட் எதற்கு இலவசமாகத் தாங்க வேண்டும்? தி.நகரில் ஒரு கிரவுண்ட் கோடிக்கணக்கில் போகிறது; இங்கே ஒருவரிடம் போய் 'நீங்கள் விற்காதீர்கள், நகரம் நிலைத்து வளரட்டும்' என்று பச்சை அடித்துவிட்டு வருவோம், நஷ்டஈடு என்று ஒரு பைசா பேச மாட்டோம். அப்படிப் பார்த்தால் கோட்டை அழித்தது அவருக்கு நான் செய்த உதவி. அப்போது அங்கே கடன் வாங்கி வீடு கட்டினவர்களுக்கு? அவர்களிடம் யார் கைகாட்டிச் சொல்லியிருப்பார்கள், தண்ணி இப்படித்தான் போகும் என்று? இந்த இடத்துக்கு வந்ததும் நான் வேறு எதையாவது யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

சென்னைப் பெருநகருக்கு 2008இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 1,189 சதுர கிலோமீட்டருக்கு, 2026 வரைக்கும். 2022இல் பெருநகர எல்லையை 5,904 என்று விரித்தாயிற்று. அத்தனை ஊரிலும் கலங்கலுக்குக் கீழே யாரோ ஒருவருடைய அறுபது சென்ட் இருக்கும்.

போன மாதம் எங்கள் ஆபீஸ் பையன் ஒருவன் இதே மாதிரி ஒரு பள்ளத்தைக் காட்டி, "சார், இது எந்த லேயர்ல வரும்?" என்று கேட்டான். யோசிக்காமல், "ரிமார்க்ஸ்ல போட்டு வைப்பா" என்றேன். ராத்திரி போன் போட்டு, "கோடாவே போடு, யாராவது கேட்டா என்னைக் கைகாட்டு" என்றேன். சரி சார் என்றான். அவன் அனுப்பிய ஃபைலை நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.