ரெண்டு வருஷம் முடிந்ததும் நர்ஸ்கள் ஏன் கிளம்பிவிடுகிறார்கள்?

தனியார் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் வேலையை விட்டால், "வெளிநாட்டு ஆசை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நைட் டூட்டியின் கடைசி நாலு மணி நேரத்தைக் கணக்குப் போட்டால் விடை வேறு.

இந்திய நர்சிங் கவுன்சில் அளவுப்படி பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும். லீவு போகிறவர்களுக்காக 30 சதவீதம் கூடுதல் ஆளும் வேண்டும். நடப்பிலோ இரவில் பதினைந்து பேருக்கு ஒருவர் நிற்பது சகஜம். காலை 6 மணி டோஸை எடுத்துக்கொள்வோம். பைப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாட்டிக் 4.5 கிராம் குப்பி என்றால், கரைக்கும் திரவம் 20 மில்லி விட்டு, பொடி முழுக்கக் கரையும்வரை சுழற்றி, 100 மில்லி சலைனில் சேர்த்து, அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போட்ட கை வீங்கியிருந்தால் வேறு நரம்பு தேட வேண்டும். கூடவே பிபி, சுகர், ரத்த சாம்பிள், யூரின் அளவு, எல்லாவற்றையும் சார்ட்டில் எழுதுவது. ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலே இரண்டரை மணி நேரம். மூன்றரைக்கே தொடங்கியாக வேண்டும். நடுவில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் மற்ற பதினாலு பேரின் வேலையும் அப்படியே நிற்கும். 8 மணிக்கு அடுத்த ஷிப்டிடம் ஓவர் கொடுக்கும்போது விட்டுப்போன டோஸுக்கு மெமோ நர்ஸுக்குத்தான். ஆள் போடாதவருக்கு மெமோ கிடையாது. மாற்ற வேண்டியவர் வராவிட்டால் அதோடு டபுள் டூட்டி. ஒருவர் விலகினால் அந்தச் சுமை மிச்சமிருப்பவர்கள் தலையில் விழும், அடுத்த ராஜினாமாவும் அங்கேயே தயாராகிவிடும்.

சம்பளக் கதை தெரிந்ததுதான். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் மருத்துவமனையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், 200-க்கு மேல் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் என்று பரிந்துரைத்தது. பல இடங்களில் அது காகிதத்தோடு சரி.

ஆனாலும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட முடியாது. வளைகுடா நாடுகளில் நர்ஸ் வேலைக்குப் பொதுவாக இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். சான்றிதழ் சரிபார்க்கிற டேட்டாஃப்ளோ நிறுவனம் நேராகப் பழைய மருத்துவமனையையே கேட்கும். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நாள் எண்ணுகிறார்கள். சேரும்போது ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். ராஜினாமாவை இமெயிலில் அனுப்பி, நோட்டீஸ் காலத்தை முழுக்க வேலை பார்த்துவிடுங்கள். அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஹெச்.ஆர். அறையிலேயே பிரித்துப் பாருங்கள்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வார்டு. வேலையில் சேரும்போது தந்த ஆர்டரில் இருக்கும் தேதியும் இதுவும் ஒரு நாள் மாறினாலும் அங்கேயே திருத்தி வாங்குங்கள்.