கையெழுத்து இல்லாத சட்டம்

அக்கா மகளின் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் நாற்காலி ரொம்ப நாளாகக் காலி. பட்டச் சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவார் மாமா என்று கேட்கிறாள், நான் என்னத்தைச் சொல்ல?

இந்த நாற்காலியை நிரப்பும் அதிகாரத்தைப் பற்றித்தான் வழக்கே. 2023 நவம்பரில் தமிழ்நாட்டு ஆளுநர் திருப்பி அனுப்பிய, பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் பற்றிய 10 மசோதாக்களை அதே மாதம் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேற்றியது, அவர் கையெழுத்துப் போடாமல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் 2025 ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் முழு நீதி வழங்கத் தங்களுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142ஆவது பிரிவை எடுத்து, பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆளுநர் கையெழுத்தே இல்லாமல் அரசிதழில் சட்டம் வந்தது. நானும் அன்றைக்குக் கொண்டாடியவன்தான், மறைக்கவில்லை. அப்போது துணைக் குடியரசுத் தலைவராக இருந்த தன்கர் அந்தப் பிரிவை அணு ஏவுகணை என்றார்.

அதே ஆண்டு மே 21, கோடை விடுமுறை அமர்வு. அந்தச் சட்டங்களில் துணைவேந்தர் நியமனத்தை அரசிடம் கொடுத்த பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. விடுமுறையில் என்ன சார் அவ்வளவு அவசரம்?

அதே ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், ஆளுநருக்குக் கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் என்பதும் கிடையாது, ஆனால் அவர் காலவரையின்றி வைத்திருக்கவும் கூடாது என்றார்கள். சரி, கெடு இல்லை, காலவரையின்றியும் கூடாது, அப்படியென்றால் எத்தனை நாள்? பால் கார்டுக்குக்கூட தேதி இருக்கிறது.

தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தால் நீதி, எதிராக வந்தால் அத்துமீறல் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசுகிறோம், நான் உட்பட. அக்கா மகள் இன்னும் சான்றிதழ் வாங்கவில்லை.