மார்பளவை நாலால் வகுத்தது போதும்

தையல் தெரியும், கணினியில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வரைபடம், போடத் தெரியாது. அந்த நிலையில்தான் சீம்லி2டி-யைத் திறந்தேன். வேலன்டினா என்ற மென்பொருளிலிருந்து கிளை பிரிந்த திறந்த மூல மென்பொருள் அது. எந்த உடையை எடுத்தாலும் தொடக்கம் ஒன்றுதான்: காலித் திரை, ‘ஏ’ என்று ஒரு புள்ளி. அதிலிருந்து இவ்வளவு தூரம், இந்தக் கோணம் என்று அடுத்த புள்ளியை வைக்க வேண்டும். வலப்பக்கம் 0, மேலே 90, இடப்பக்கம் 180, கீழே 270. சாக்பீஸ் பிடித்துப் பழகிய கைக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அந்த எரிச்சலில் நான் செய்த தப்பு, உடல் அளவை வைத்துச் சூத்திரம் எழுத வேண்டிய இடத்தில் நேராக எண்ணைத் தட்டியது. கைக்குழி (சட்டைக் கை பொருத்தும் வளைவு) ஆழத்துக்கு 21 என்று போட்டுவிட்டு நகர்ந்தேன். பிறகு இன்னொருவருக்காக அளவுக் கோப்பில் மார்பளவை 96-லிருந்து 104 ஆக மாற்றியபோது முன்பாகம், பின்பாகம் எல்லாம் தானாக விரிந்தன. பார்க்கவே அழகாக இருந்தது. கைக்குழி மட்டும் அதே 21-இல் நின்றது. வெட்டித் தைத்துப் போட்டுப் பார்த்தபோதுதான் அக்குளில் பிடித்தது. அதற்குப் பிறகு எந்தப் புள்ளியிலும் வெறும் எண் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

சரி, எல்லாம் சூத்திரம் ஆகிவிட்டது. அப்போதும் எனக்கே தைத்த மேல்சட்டை முன்னால் இழுத்தது, முதுகில் தொளதொளத்தது. சுற்றளவோ சரியாக இருந்தது. காரணம் பழைய பழக்கம்: மார்பளவு ÷ 4, கூட 2 செ.மீ. லூஸ். 96-க்கு முன்னும் பின்னும் 26, 26. பக்கத் தையல் விழும் இடத்திலிருந்து மறு பக்கம் வரை முன்னால் தனியாக அளந்து பார்த்தேன்: 51. முதுகுப் பக்கம் 45. அப்படியானால் முன்பாதிக்கு வேண்டியது 25.5 + 2, அதாவது 27.5, பின்பாதிக்கு 24.5. முன்னால் ஒவ்வொரு பாதியிலும் ஒன்றரை செ.மீ. குறைவு, அதே ஒன்றரை முதுகில் வீண். 96 என்ற ஒரே அளவுள்ள இரண்டு பேருக்கு இந்தப் பங்கீடு வேறுவேறாக இருக்கும். மென்பொருளின் அளவுப் பட்டியலில் முன், பின் இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. நான்தான் நிரப்பாமல் விட்டிருந்தேன்.

தோளிலிருந்து இடுப்பு வரையிலான நீளத்தையும் இப்படியே முன்னால் மார்பின் மேலாக, பின்னால் முதுகின் மேலாக எனப் பிரித்து எடுங்கள். முதுகு அளவை நீங்களே எடுக்க முயலாதீர்கள். கையைத் தூக்கியதுமே அளவு மாறிவிடும். இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் நில்லுங்கள்.

சட்டைக் கை வெட்டுவதில்தான் கணினி உண்மையாகவே கைகொடுக்கிறது. வளைவின் நீளத்தை அதுவே சொல்லிவிடும், டேப்பை நிமிர்த்திப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டாம். கைக்குழி முன்னும் பின்னும் சேர்த்து 44 என்றால் கையின் மேல்வளைவு 46 அளவில் இருக்கட்டும். சாதாரண நெய்த துணிக்கு அது போதும். ரொம்பக் கூடினால் தோளில் சுருக்கம் விழும்.

அச்செடுக்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. பேட்டர்னிலேயே 10 செ.மீ. சதுரம் ஒன்றை வரைந்துவிடுங்கள். முதல் ஏ4 தாள் வந்ததும் அளக்க வேண்டும். எனக்கு 9.7 வந்தது, தாளுக்குள் அடங்கச் சுருக்கும் ‘ஃபிட் டு பேஜ்’ தேர்வாகி இருந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஒட்டி வெட்டியிருந்தால் என் 96-உடன் லூஸும் சேர்ந்த 104 செ.மீ. சுற்றளவு 101 ஆகியிருக்கும், லூஸாக விட்ட 8 செ.மீ.-இல் 3 போயிருக்கும்.

நல்ல துணியை இன்னும் எடுக்காதீர்கள். காடா துணியில் பெரிய தையலாகத் தைத்து, அணிந்து, உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். ஊசி குத்திச் சரிசெய்த இடங்களை அளந்து கோப்பில் ஏற்றுங்கள். தாளில் மட்டும் திருத்தினால் அடுத்த முறை பழைய தவறே அச்சாகி வரும். நான் அப்படி ஒரே கழுத்தை மூன்று தடவை திருத்தியிருக்கிறேன்.