ஐந்து வேலை மெசினை நேராக்கிய ஒன்றரை மாதம்

புதிதாக வாங்கிய மெசினில் ஓரம் சீவிய ஐந்தடி வேப்பம் பலகை இரண்டை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, பட்டறை வாசலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். இரண்டு முனையும் ஒட்டி நின்றன. நடுவில் மட்டும் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. இறுக்கிப் பிடித்து ஒட்டினால் ஒட்டும்தான். ஆனால் அது சாப்பாட்டு மேசைக்கு எடுத்த பலகை. மார்கழி ஈரமும் பங்குனி வெயிலும் பட்டால் அந்த இணைப்பு நடுவில் வாய் திறந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

மெசின் ஐரோப்பாவில் செய்த பழைய ஐந்து வேலை மெசின். வட்ட வாள், பலகையின் முகத்தையும் ஓரத்தையும் நேராகச் சீவுகிற பிளேனர், ஒரே தடிப்பாக்குகிற திக்னஸர், ஓரத்தில் வடிவம் வெட்டுகிற ஸ்பிண்டில், துளை போடும் மேசை எல்லாம் ஒரே உடம்பில் இருக்கின்றன. கொழும்பில் வாங்கி, ஏ9 வீதியால் லொறியில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குக் கொண்டு வந்தேன். வழியில் எத்தனை குலுக்கலோ! இறக்கிய அன்றே மூன்று பேஸ் இணைப்புக் கொடுத்து ஓட்டிப் பார்த்ததில் மோட்டர் வடிவாக ஓடியது. ஆனால் வெட்டிய எதுவும் நேராக வரவில்லை.

முதல் இரண்டு கிழமையும் நான் செய்தது முழுக்கப் பிழை. வாள் ஃபென்ஸில்தான், அதாவது வெட்டும்போது பலகை சாய்ந்து ஓடுகிற சட்டத்தில்தான், கோளாறு என்று நினைத்து அதையே திருகிக்கொண்டிருந்தேன். வாளில் இருந்து 100 மில்லிமீற்றரில் ஃபென்ஸை நேராக்குவேன். 400-க்கு நகர்த்தினால் கோணலாகி நிற்கும். 400-இல் சரிப்படுத்தினால் 100-இல் பிழையாகும். இரவில் படுத்தாலும் அந்த நாலு போல்ட்தான் கண்ணுக்குள் நிற்கும்.

கல்வியங்காட்டில் இருந்து ஒரு ஆசாரி ஐயா பலகை பார்க்க வந்தார். கோயில் வாகனங்கள் செய்த கை. மெசினைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நீர் எதை முதல் சரிக்கட்டினனீர்?"

"ஃபென்ஸை, ஐயா."

"அது அசையிற சாமானல்லோ? இதிலை அசையாதது எது? அதைப் பிடியும் முதல். மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு."

அசையாதவை இரண்டு: பிளேனரின் கத்தி உருளை, வாளின் அச்சு. இரண்டும் பெயரிங்கில் இருந்தபடி உடம்போடு பிணைந்தவை, மாற்ற இடமில்லை. மேசைகளும் ஃபென்ஸும் அது ஓடுகிற றெயிலும் அவற்றுக்கு அடங்கித்தான் நிற்க வேண்டும். அவ்வளவையும் தாங்குகிற உடம்பே முறுகி நின்றால் எதுவும் நிலைக்காது. அதனால் நிலத்தில் தொடங்கினேன்.

ரசமட்டம் வைத்ததில் சீமெந்துத் தரை ஒரு மூலையில் இறக்கம். அந்த மூலையில் மெசினின் கால் நிலத்தைத் தொட்டது போலத் தெரிந்தாலும் பாரம் தாங்கவில்லை. முறுக்கைப் பார்க்க ஐயா சொன்ன வழி தங்கூசி. மீன்பிடிக்கிற அதே தங்கூசியை பிளேனர் மேசைகளின் நாலு மூலையில் இருந்து குறுக்குமறுக்காக, ஒரே உயரத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். முறுக்கு இல்லையென்றால் நடுவில் இரண்டு நூலும் தொட்டும் தொடாமலும் நிற்கும். மேல் நூலைக் கீழே மாற்றிப் போட்டும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் நூல் கீழ் நூலை அழுத்திக்கொண்டே நம்மை ஏமாற்றிவிடும். என் மெசினில் ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளி இருந்தது. தொங்கிய காலுக்குக் கீழே இரும்புத் தகடு கொடுத்து இறுக்கியதும் நூல்கள் ஒன்றையொன்று தொட்டன.

அடுத்தது பிளேனர். இதைத் தொட முன் பிளக்கைக் கழற்றி எனக்குத் தெரிகிற இடத்தில் வைத்துவிடுவேன். சுவிச்சை மட்டும் நம்புவதில்லை, கத்தி உருளையில் கை வைத்துச் செய்கிற வேலை இது. முதலில் பின் மேசை, அதாவது மரம் சீவப்பட்டு வெளியேறுகிற மேசை. அது கத்தி சுற்றும் வட்டத்தின் உச்சியோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். தாழ்ந்தால் பலகையின் கடைசியில் பள்ளம் விழும். உயர்ந்தால் பலகை மேசை விளிம்பில் முட்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் மெலிந்து வரும். நேரான மரக்குச்சி ஒன்றைப் பின் மேசையில் வைத்து, நுனியைக் கத்திக்கு மேல் நீட்டி, உருளையைக் கையால் சுற்றினேன். கத்தி குச்சியை மெல்லத் தொட்டு முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போய் விட்டது. எவ்வளவு தள்ளுகிறது என்று குச்சியில் பென்சிலால் குறித்தேன். ஒரு நூல் அளவு, அதாவது மூன்று மில்லிமீற்றர் அளவு தள்ளினால் நல்லது. ஒவ்வொரு கத்தியும், அதன் இரண்டு கரையிலும், அதே அளவு தள்ள வேண்டும். என்னுடையதில் ஒரு கத்தி ஒரு கரையில் குச்சியைத் தொடவே இல்லை. கத்திகளை உயர்த்தியும் தாழ்த்தியும் ஒரே அளவுக்கு வைத்து முடிக்க ஒரு பின்னேரம் போனது.

பின் மேசை நின்ற பிறகுதான் முன் மேசையை அதற்குச் சமாந்தரமாக்கலாம். ஒரே அளவான 5 மில்லிமீற்றர் ட்ரில் கம்பிகள் மூன்று எடுத்தேன். இரண்டை மேசைகளின் வெளி முனைகளில் வைத்து, அவற்றின் மேலாகத் தங்கூசியை இழுத்துக் கட்டினேன். மூன்றாவதை நூலுக்கு அடியில் நகர்த்தினேன். முனைகளில் சுகமாக ஓடியது. கத்தி உருளைக்குக் கிட்ட வந்ததும் நூலைத் தூக்கியது. வேப்பம் பலகையில் தெரிந்த வெளிச்சத்தின் காரணம் இதுதான். இரண்டு மேசையும் வெளி முனையில் தொய்ந்து நடுவில் கூன் போட்டிருந்தன. கூன் போட்ட மேசையில் ஓடிய பலகை நடுவில் குழிந்துதான் வரும். மேசை மறுபக்கமாக, முனைகள் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருந்தால் பலகையின் நடு புடைத்து, முனைகளில் வெளிச்சம் தெரியும்.

இந்த மெசினில் திக்னஸருக்காக மேசைகளைப் பிணைச்சலில் தூக்கி மடக்க வேண்டும். பிணைச்சல் தேய்ந்திருந்தது. முன் பக்கத் தாங்கு போல்ட்களைச் சிறிது சிறிதாக உயர்த்தினேன். பிணைச்சல் பக்கம் சோடா ரின்னில் வெட்டிய தகடு கொடுத்தேன். அந்தத் தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். கடையில் தகடு தேடி அலைவதை விட இது நல்லது. தகடு போக வேண்டிய இடைவெளியைப் பார்க்க, அதை அளக்கிற மெல்லிய தகட்டுக் கட்டான பீலர் கேஜைப் பக்கத்து மோட்டார் சைக்கிள் கராஜில் இரவல் வாங்கினேன்.

அடுத்தது வாள். நுண்ணிய அளவைக் காட்டுகிற டயல் கேஜ் கிடைக்கவில்லை. ஒரு கட்டையின் முனையில் பித்தளை ஸ்குரு ஒன்றைப் பூட்டினேன். கட்டையை, பலகையை வாளுக்குக் கொண்டு போகிற நகரும் மேசையில் இறுக்கி, வாளின் ஒரு பல்லில் குறியிட்டு, ஸ்குரு அந்தப் பல்லை உரசும் வரை திருகினேன். பிறகு அதே பல்லைப் பின்னுக்குச் சுற்றி, மேசையையும் பின்னுக்குத் தள்ளிக் கேட்டேன். ஆம், காது கொடுத்துத்தான் கேட்டேன். முன்னால் கேட்ட 'கிறிச்' பின்னாலும் கேட்க வேண்டும். வெவ்வேறு பல்லைத் தொட்டால் வாள் தகட்டின் வளைவும் கணக்கில் சேர்ந்து குழப்பும். பின்னால் ஒரு மயிரளவு, 0.1 மில்லிமீற்றருக்குள், விலகி இருப்பது பாதுகாப்பு. ஃபென்ஸுக்கும் அதே கணக்கு. பின்பக்கம் வாளை நெருங்கி வந்தால் பலகை இறுகி, வாள் அதை ஆளை நோக்கி எறியும். இதில் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அதற்குப் பிறகுதான் றெயில். முன் விளிம்பில் மூன்று போல்டில் நிற்கிற உருண்டைக் கம்பி அது. தங்கூசியை அதன் நீளத்துக்குப் பிடித்தபோது இரண்டு கிழமைப் புதிர் ஒரு நிமிடத்தில் அவிழ்ந்தது. யாரோ நடு போல்டை அதிகமாக இறுக்கியதில் கம்பி 0.3 மில்லிமீற்றர் உள்ளே வளைந்திருந்தது. அது சின்ன அளவுதான். ஆனால் ஃபென்ஸ் கம்பியில் ஓடுகிற சாமான்; வளைவின் இந்தப் பக்கம் ஒரு சரிவு, அந்தப் பக்கம் எதிர்ச் சரிவு. எண்பது சென்ரிமீற்றர் ஃபென்ஸின் நுனிக்குப் போகும்போது அது ஒரு மில்லிமீற்றர் அளவு வித்தியாசமாகிவிடும். நடு போல்டைத் தளர்த்தி ரின் தகடு மூன்று கொடுத்தேன். அதோடு ஃபென்ஸ் 100-இலும் 400-இலும் ஒரே மாதிரி நின்றது.

பலகையைக் குறுக்கே வெட்டப் பிடிக்கிற ஃபென்ஸ் வாளுக்குச் சரியாக 90 பாகையில் நிற்கிறதா என்று ஐந்து வெட்டால் சோதித்தேன். சதுரப் பலகையின் நாலு பக்கமும் வரிசையாகச் சுற்றி வெட்டி, ஐந்தாவதாக முதல் பக்கத்தில் இருந்து ஒரு கீற்று எடுக்க வேண்டும். கீற்றின் இரண்டு முனை அகலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாலால் பிரித்தால் அந்த நீளத்துக்கான பிழை வரும். எனக்கு முதலில் 1.2 வந்தது, ஒரு வெட்டுக்கு 0.3. மூன்றாவது முயற்சியில் கீற்றின் இரண்டு முனையையும் கலிப்பரில் பிரித்தறிய முடியவில்லை.

அதே வேப்பம் பலகைகளைத் திரும்பச் சீவி வாசலில் பிடித்தேன். வெளிச்சம் இல்லை. பசை போட்டு, மூன்று கிளாம்ப் மட்டும் பிடித்தேன். சாப்பாட்டு மேசை இப்போது வீட்டில் இருக்கிறது. மழை முடிந்து தை பிறந்ததும் தங்கூசியைத் திரும்பக் கட்டிப் பார்த்தேன். மெசினின் வாசல் பக்கக் கால் போல்ட் இன்னும் அரைச் சுற்று கேட்டது. வார்ப்பு மேசைகளில் உப்புக் காற்றுத் துரு பிடிக்காமல் மெழுகு தேய்த்தேன். துளை போடும் மேசையை இன்னும் தொடவில்லை. அதற்கு ஐயா வருகிற ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.